நாற்பத்தொன்றாம் பேட்ச்

புதுக் கபடி மேட்டை விரித்த அன்றே அதன் மேல் ஆடக் கூடாது. ஒரு நாள் அப்படியே கிடக்க விட வேண்டும். வண்டியில் வெயில் பட்டு வந்த மேட் கொஞ்சம் பெருத்திருக்கும். அது ஆறி, ஓரத்துப் பல்லோடு பல் உட்கார ஒரு நாள் ஆகும். அந்த ஆட்டத்துக்கும் ஒரு நாள் முழுக்க விட்டோம். அந்த விஷயத்தில் எங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மேடம்.

நீங்கள் செவ்வாய்க்கிழமை கபடிச் சங்கத்திலிருந்து எங்கள் கம்பெனிக்கு விசாரிக்க வந்தபோது என்னிடமும் கேட்டீர்கள். "உனக்கு ஏதாச்சும் தெரியுமாம்மா?" நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டீர்கள். முகத்தைப் பார்த்து யாராவது கேட்டால் எனக்குப் பேச்சு வராது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். எழுதச் சொன்னால் எழுதுவேன். இந்த நோட்டை உங்களிடம் தரப்போவதில்லை. ஆனாலும் பெரியவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எங்காவது இருக்க வேண்டும்.

என் பெயர் ரம்ஷா. வீடு கோட்டைமேட்டில். சரவணம்பட்டியைத் தாண்டி இருக்கிற இந்தக் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பூங்கா ஊஞ்சலுக்குக் கீழே போடும் ரப்பர் தளம், உடற்பயிற்சிக் கூடத்துக்கான தளம், கபடி மேட் எல்லாம் இங்கே செய்கிறோம். ஓரத்தில் பல் வெட்டியிருக்கும். ஒன்றோடு ஒன்று கோத்தால் பூட்டிக்கொள்ளும். சோதனை அறை என்னுடையது. இரும்புக் குண்டை உயரத்திலிருந்து மேட்டின் மேல் விட்டு, அந்த அடியில் எவ்வளவை மேட் வாங்கிக்கொள்கிறது, எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்று எழுதுவேன். குண்டு கேள்வி கேட்காது. அந்த அறையில் நான் நன்றாக இருந்தேன்.

குண்டை வைத்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள முடியாது. கால் எப்படி நிற்கிறது, எப்படித் திரும்புகிறது என்பதை ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே முதலாளி வேங்கடசாமி புவனாவை வேலைக்கு வைத்திருந்தார். புவனா கோபிசெட்டிபாளையத்துக்காரி, எங்கள் பகுதியில் விடுதியில் தங்கியிருப்பவள், கபடி ஆடுகிறவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தினமும் காலையில் என் அறைக்கு வெளியே விரித்த மேட்டில் ஓடுவாள், திரும்புவாள், பாய்வாள். வந்து சொல்வாள்.

"இது கால இழுத்துப் புடிக்குது அம்மணி. சேத்து வயல்ல நிக்கற மாதிரி."

நான் எழுதிக்கொள்வேன்.

"இது சுத்தமா ஆகாது. வழுக்கி உட்டுப்போடும். எழுதிட்டியா? எழுது, முதலாளி தலையில கொட்டோணும்னு எழுது."

மூன்று வருடம் இப்படி எழுதியதில் அவளுடைய இடது காலைப் பற்றி அவளைவிட எனக்கு அதிகம் தெரிந்துவிட்டது. ஆட்டத்தில் அவள் இடம் இடது மூலை. பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிக்கப் பாயும் முன் இடது காலை ஊன்றி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்புவாள். ஊன்றுகிற இடம் ஒரு சாண்கூட மாறாது.

இப்போது எங்கள் மேட்டில் இருக்கும் பல் நான் வரைந்தது. கழுத்து குறுகி, தலை அகன்று இருக்கும்; இழுத்தால் வராது. நோட்டில் சும்மா வரைந்து வைத்திருந்தேன். புவனா பிடுங்கிக்கொண்டு போய் முதலாளி மேசையில் வைத்தாள்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. இவ வாயத் தொறக்க மாட்டா, நான்தான் சொல்லோணும். இந்தப் பல்லு வெச்சா மேட்டு பிரியாதுங்க."

"பேசாத புள்ளைக்குள்ள இத்தனை இருக்குதா?" என்றார் முதலாளி. அந்த மாதமே அச்சு செய்துவிட்டார்கள். எனக்காக ஒருவர் பேசியது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

காலையில் ஸ்கூட்டரில் வந்து என்னைக் கூட்டிப் போவதும், மாலையில் கொண்டுவந்து விடுவதும் அவள்தான். என் அத்தா அந்த நிபந்தனையில்தான் வேலைக்கு அனுப்பினார். "அந்தப் புள்ள கூட இருக்கற வரைக்கும் போ. அவ நின்னா நீயும் நின்னுக்க." அத்தாவைக் குறை சொல்லவில்லை. பள்ளியை விட்டதற்கும் வேலைக்கு வந்ததற்கும் நடுவில் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. என் அறையின் ஜன்னலைத் திறந்தால் ஒரு முழ தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். பூச்சு இல்லாத சுவர். ஜன்னல் வழியாகத் தெரிந்த செங்கற்கள் இருநூற்றுப் பதினான்கு.

தை மாதம் புவனா ஒரு செய்தியோடு வந்தாள். வடக்கே பெரிய பயிற்சி முகாம். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி அரங்கத்தில் ஆட்டம் வைத்து ஆள் எடுக்கப் போகிறார்கள்.

"எடுத்துட்டாங்கன்னா அரியானா கண்ணு. மூணு வருசம். முடிச்சா வேலையும் குடுப்பாங்களாம். எங்கம்மா இனி அடுத்தவங்க காட்டுல களை வெட்ட வேண்டாம்."

சோதனைத் தாளின் ஓரத்தில் "நான்?" என்று எழுதிக் காட்டினேன்.

அவள் சிரித்தாள். "உன்னையப் பையில மடிச்சு வெச்சுட்டுப் போகச் சொல்றியா? இரு, உங்க அத்தாகிட்டப் பேசறேன்."

பேசவும் செய்தாள். அத்தா அவளை உட்கார வைத்து, டீ கொடுத்து, கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். "நீ நல்லபடியா போயிட்டு வா தங்கம். இவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டுத்தான் இருக்கோம். இனி ஊட்டோட இருக்கட்டும்." வாசலில் வண்டியை எடுக்கும்போது புவனா என் தோளைத் தட்டினாள். "சொல்லிப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்கறாரு." பிறகு, முகாமுக்கு ஷூ வாங்க வேண்டும், எந்த நிறம் எடுக்கட்டும் என்று கேட்டாள். நீலம் என்று உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். நீலம்தான் வாங்கினாள்.

நாற்பத்தொன்றாம் பேட்ச் பற்றி இப்போது சொல்ல வேண்டும். போன வருடம் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு நாளில், அவசரத்துக்குச் சூடு ஆறும் முன்பே பன்னிரண்டு மேட்களை வெட்டிவிட்டார்கள். ஆறிய பிறகு பல் சுருங்கிவிட்டது. அவற்றை அவற்றோடே கோத்தால் சரியாகப் பூட்டும். வேறு பேட்ச்சோடு கோத்தாலும் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். கையால் அழுத்தினால் தெரியாது. காலை ஊன்றித் திருப்பினால் மட்டும் பிளக்கும். அதைக் கண்டுபிடித்ததே புவனாதான். தெரியாமல் கலந்து விரித்திருந்த மேட்டில் மெதுவாக ஓடியவள் சட்டென்று நின்றாள். "அம்மணி, இது வாயப் பொளக்குது. வேகமா வந்திருந்தா முட்டி போயிருக்கும். இதைத் தனியா எடுத்து வெய்யி." எடுத்து வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மேட்டின் முதுகிலும் பேட்ச் எண்ணும், தரையில் அது வர வேண்டிய இட எண்ணும் எழுதுவது என் வேலையாயிற்று. மேட் விரிக்கிற நிஜாம் அண்ணன் நான் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான் விரிப்பார். அதற்கு மேல் எதையும் பார்க்க மாட்டார். என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் கல்லூரி அரங்கத்துக்கு எங்கள் நாற்பத்தாறாம் பேட்ச் மேட்தான் போனது. நான் செய்தது எண்ணை மாற்றி எழுதியது மட்டும். ஆறு மேட்களின் முதுகில் நாற்பத்தொன்றை அழித்து நாற்பத்தாறு என்று எழுதி, இடது மூலைக்கான இட எண்களைப் போட்டேன். மூன்று போதும்தான். ஆனால் பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள், புவனா எந்தப் பக்கம் முதலில் நிற்பாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் போட வேண்டியதாயிற்று. எதிரணியிலும் இடது மூலையில் ஒருத்தி நின்றாள். சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். பெயர் தெரியாது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கனம் கூடிய மேட்டாகத்தான் தேர்ந்தெடுத்தேன். தலை மோதினாலும் காயம் வராது. குண்டைப் போட்டு இரண்டு முறை பார்த்தேன். எனக்கு வேண்டியது முட்டி மட்டும்தான்.

"நம்பரெல்லாம் பாத்துட்டியாம்மா?" என்று வண்டியில் ஏற்றும்போது நிஜாம் அண்ணன் கேட்டார். தலையை ஆட்டினேன்.

ஆட்டம் தொடங்கிப் பதினோராவது நிமிடம் அது நடந்தது. இடது காலை ஊன்றினாள், திருப்பினாள், மேட் பிளந்து பாதம் உள்ளே மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. பச்சைத் தென்னை மட்டையை முறிப்பது போல ஒரு சத்தம். தலையில் அடிபடவில்லை; அதை நான் உடனே கவனித்தேன். அவளைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள், பயிற்சியாளர், டாக்டர், அவள் அம்மா செல்லாத்தாள். அவள் தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடி, "ரம்ஷா" என்று கூப்பிட்டாள். அத்தனை பேர் நடுவில் யாரும் என் பெயரைக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் முதலாளி நிஜாம் அண்ணனை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார்.

"ஏனுங்க நிஜாம், பல்லு உக்காந்துச்சான்னு தட்டிப் பாக்க மாட்டீங்களா? ஒரு பொட்டப்புள்ள வாழ்க்கைங்க."

"நம்பர்ப்படிதானுங்க போட்டேன். பன்னண்டு வருசமா போடறேன், கை தப்பாதுங்க. வேணும்னா இந்தப் புள்ளையக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். நான் எப்போதும் தரையைத்தான் பார்ப்பேன் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவரை அன்றே நிறுத்திவிட்டார்கள். பிளந்த மேட்களை வெட்டித் தூளாக்கும் இயந்திரத்தில் போடச் சொன்னார்கள். போட்டது நான்தான், மறுபக்கத்து மூன்றையும் சேர்த்து. நீங்கள் வந்தபோது பார்க்க ஒன்றும் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு முதலாளி புவனாவுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார், என் அறையிலேயே. ஸ்கூட்டர் ஓட்ட முடியாது என்பதால் கம்பெனி வேன் அவளைக் கூட்டி வருகிறது. வழியில் என்னையும் ஏற்றிக்கொள்கிறது. அத்தா வாசலில் நின்று பார்க்கிறார், உள்ளே அவள் இருக்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை. நான் குண்டைப் போடுகிறேன், அவள் எண்ணைச் சொல்கிறாள். சில நாள் மதியம் அழுவாள். அப்போது அவள் காலைத் தூக்கி மெத்தென்ற ரப்பர் துண்டின் மேல் வைத்து, நீவி விடுவேன். "நீ இல்லீன்னா நான் என்னாகியிருப்பேன் அம்மணி" என்பாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் அவள் ஊன்றுகோல் இல்லாமல் அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். டாக்டர் இப்போதே மெதுவாக ஓடிப் பழகலாம், ஆறு மாதத்தில் ஆடலாம் என்று சொல்லிவிட்டாராம். "மறுபடியும் ஆள் எடுக்கறாங்களாம் கண்ணு. இந்தத் தடவை உட மாட்டேன்." நீல ஷூவைத் துடைத்து மேசைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

நான் சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன். அவள் பயிற்சி செய்வதற்கு அறைக்கு வெளியே நானே இடம் ஒழித்துக் கொடுத்தேன். நாற்பத்தொன்றில் மிச்சம் ஆறு இருந்தன. அவள் காலை ஊன்றுகிற இடத்தில் நான்கு, இடையிலும் சுற்றிலும் வேறு பேட்ச். நேற்று விரித்தேன். ஒரு நாள் கிடக்கட்டும், அவசரப்படாதே என்று எழுதிக் காட்டினேன். சொன்னபடி கேட்டுக்கொண்டாள்.

நாளைக் காலை அவள் ஓடித் திரும்பிப் பார்க்கப் போகிறாள். விழுந்தால் வேறெங்கும் அடிபடாமல் இருக்க அடியில் இன்னோர் அடுக்கும் போட்டு வைத்திருக்கிறேன், மேடம். அரியானாவில் இவ்வளவு அக்கறையாக அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?