எண் இல்லாத நாற்காலிக்கு ஒரு வாக்கு

அவைக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! கண்டிப்பும் கனிவும் கலந்த எங்கள் வார்டன் அம்மா அவர்களே! எங்கள் வயிறு வாடாமல் காக்கும் சமையற்கூடத்துத் தாய்மார்களே! பிள்ளைகளைப் பார்க்க வந்து இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பெற்றோர்களே! தலையணையும் கையுமாக வந்திருக்கும் தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் மாணவியர் மன்றச் செயலாளரின் பணிவான வணக்கம்.

“ஹாஸ்டல் எண் எழுதாத கட்டில், மேசை, நாற்காலி எதுவும் அறைக்குள் இருக்கக் கூடாது.” இந்த விதியை எழுதிய கை எது? இதோ, மைக்கைப் பிடித்திருக்கும் இந்தக் கைதான். பின்வரிசையில் யாரோ “வெட்கமா இல்லையா” என்கிறீர்கள். இருக்கிறது தங்கையே, அதனால்தான் மேடையேறினேன்.

சென்ற ஆண்டு மூன்றாம் மாடி அக்கா ஒருத்தி பழைய சோபா ஒன்றைக் கொண்டுவந்தாள். சோபா வந்தது, கூடவே மூட்டைப்பூச்சி வந்தது, அதற்கு மருந்து வந்தது, மருந்தால் இருமல் வந்தது. முதுகைச் சொறிந்துகொண்டே பரீட்சை எழுதினோம். அந்தக் கடுப்பில் எழுதிய விதி, இன்று ஒரு பெண்ணையே வெளியே தள்ளப் பார்க்கிறது.

முதலாமாண்டு மாணவி அவள். விபத்தில் ஒரு கால் குட்டையாகிப் போனவள். நம் நாற்காலியில் அரைமணி உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் அப்பா, மகளின் உயரம் பார்த்து, கால்தாங்கி வைத்து, இரும்பில் ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். இரும்பில் மூட்டைப்பூச்சி குடியேறுமா? நான் யோசித்தேனா? இல்லை. எண் எங்கே என்று கேட்டேன், ஸ்டோருக்குத் தூக்கிப்போகச் சொன்னேன்.

ஸ்டோர்காரர் என்ன செய்தார்? எண் இல்லாத நாற்காலியைக் கண்டார், பெயிண்டை எடுத்தார், ஹாஸ்டல் எண் 212 என்று எழுதினார், வார்டன் அம்மா அறைக்கே அனுப்பிவிட்டார். சிரியுங்கள், அம்மாவே சிரிக்கிறார்.

கட்டிலில் சாய்ந்தும் தரையில் படுத்தும் படித்துப் பார்த்தவள், வலி தாங்காமல் ஹாஸ்டலைக் காலி செய்யக் கடிதம் எழுதினாள். வீடோ தினமும் வந்துபோக முடியாத தூரம். இந்த அறை போனால் அவள் படிப்பே போயிற்று. கையெழுத்து வாங்க அவளும் நானும் வார்டன் அம்மா அறைக்குப் போனோம். வார்டன் அம்மா ஜம்மென்று அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“நாற்காலின்னா இதுதாம்மா. நாலு வருஷ முதுகுவலி போன இடம் தெரியல.”

“எங்கப்பா செஞ்சது மேடம்.”

அம்மா எழுந்துவிட்டார். கடிதத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

“தப்பா எழுதின எண்ணைக் காட்டி இதைத் திருப்பித் தந்தா அது ஏமாத்து வேலை. விதியை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. மன்றம் போட்டது, மன்றம்தான் மாத்தணும். நீ எழுதினதை நீயே போய்த் திருத்து.”

திருத்த வந்திருக்கிறேன். உடல் தேவைக்காக ஒருத்தி கொண்டுவரும் கட்டிலோ நாற்காலியோ, பூச்சி இல்லையென்று சோதித்தபின் அறைக்குள் வரட்டும். கேட்பது சலுகையா? இல்லை. சோம்பலா? இல்லை. எல்லோரையும் போல உட்கார்ந்து படிக்க ஓர் இடம். பூச்சியை விரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாதா? தெரியும். அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

நாளைக் காலை அவள் அப்பா வண்டியோடு வருகிறார். மகளை ஏற்றிக்கொண்டு போவதா, வெறும் வண்டியோடு திரும்புவதா என்று நீங்கள் சொல்லுங்கள். திருத்தத்தை ஏற்பவர்கள் கை தூக்குங்கள்.

முதல் கை வார்டன் அம்மாவுடையது. அதோ முதல் மாடி, அதோ மூன்றாம் மாடி, சோபா அக்காவும்கூட. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம். ஓரத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழும் தங்கையே, நீயும் கையைத் தூக்கம்மா. இந்த ஹாஸ்டலில் உனக்கும் ஓர் ஓட்டு உண்டு.