நல்ல பனி

பாறசாலை தொடங்கி நெய்யாற்றின்கரை வரை வாழும் சகல தமிழ்ப் பெருமக்களுக்கும், எல்லைத் தமிழ் மன்றத்தின் தலைவன் என்ற முறையில் நான் அறிவிக்கும் வரலாற்றுச் சிறப்புமிக்க செய்தி: அக்டோபர் மாதத்தில் பனிச்சறுக்கு ஊர்களில் பனி இருக்காது.

இதை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை. சரியாகச் சொன்னால், கேட்டேன். ஹோட்டல்காரன் போனிலேயே சொன்னான்: பனி டிசம்பரில்தான் விழும், அதனால்தான் இப்போது அறை வாடகை பாதி. அவன் சொன்னதில் பின்பாதியை மட்டும் மன்றக் கூட்டத்தில் எடுத்துரைத்தேன். ஒரு தலைவன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

என் பெயர் ஜெயச்சந்திரன். டியூட்டோரியலில் தமிழ் எடுக்கிறேன். அதனால் ஊரில் எல்லாரும் என்னை ‘சாறே’ என்று கூப்பிடுவார்கள். பிழிந்தால் ஒன்றும் வராத சாறு என்பான் ஞானையன். இரும்புக்கடை ஞானையன். மன்றத்தின் பொருளாளர், சின்ன வயதிலிருந்து என் கூட்டுக்காரன். இந்த வாக்குமூலம் அவனைப் பற்றியது. என்னைப் பற்றியதாக மாறிவிட்டால் மன்னிக்கவும், எனக்கு அது பழக்கம்.

எங்கள் பக்கத்தில், மலைமேல் வெள்ளையாக விழுகிறதே, அதற்கு ‘மஞ்ஞு’ என்றுதான் பெயர். ‘பனி’ என்றால் ஜுரம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பனி என்று கேள்விப்பட்டால் மாத்திரையோடு போவோம். மலையாளம் எங்கள் நாக்கில் அப்படி ஊறிக் கிடக்கிறது. எனக்கு இது பெரிய மானக்கேடாகப் பட்டது. எனவே பயணத்துக்குப் ‘பனிமலைப் பயணம்’ என்று பெயர் சூட்டினேன். ஜங்ஷனில் என் முகம் பெரிதாகவும் இமயமலை சிறிதாகவும் ஒரு பிளெக்ஸ் வைத்தேன். வாட்ஸ்ஆப் குரூப்பில் எவராவது ‘மஞ்ஞு’ என்று எழுதினால் உடனே திருத்தினேன். வழியனுப்பு விழாவில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, “மஞ்ஞு அல்ல, பனி” என்று ஒரே குரலில் சொல்ல வைத்தேன்.

பின்வரிசையிலிருந்து, வயரிங் வேலை பார்க்கும் ராபின்சன் கையைத் தூக்கினான்.

“சாறே, பனி பாக்க இம்புட்டு தூரம் போணுமா? நம்ம சர்க்கார் ஆசுபத்திரியில வரிசையா கெடக்கில்லா?”

சபை சிரித்தது. ஞானையன் கண்ணீர் வரச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஞானையனின் மனைவி பிரேமகுமாரிதான் அன்று ‘பனி’ என்பதைச் சுத்தமாகவும் சத்தமாகவும் சொன்னவள். விழா முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“சாறே, அவருக்க நெஞ்சுக்கு அவ்வளவு பெலம் இல்ல, கேட்டியளா. ஏதாவது ஒண்ணுன்னா ஒடனே எனக்கு விளிக்கணும். எங்க மக ஷீஜா டெல்லியில நர்ஸாக்கும். அவ காதுல ஒரு வார்த்த விழுந்தா போதும், மத்தத அவ பாத்துக்கிடுவா.”

“நானில்லியா கூட போறேன். பேடிக்காத” என்றேன். அவசரத்தில் மலையாளம் வந்துவிட்டது.

அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. பனிச்சறுக்கு மைதானம் என்று காட்டிய இடம் பச்சைப் புல்வெளி. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மலைமேல் ஆட்களை ஏற்றும் கம்பி நாற்காலிகள் பாதி வழியில் அசையாமல் தொங்கின. கடைகளில் சறுக்குப் பலகைகளை விறகுக்கட்டு போலக் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கடைத்தெரு நாய் எங்களைப் பார்த்துக் குரைக்கக்கூட மெனக்கெடவில்லை. அதற்கும் சீசன் முடிந்திருந்தது.

ஞானையன் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தான்.

“எலே ஜெயா, இது நம்ம அதியன்னூர் வயலுல்லா?”

“கிண்டல் பண்ணாத.”

“இல்லலே, ஒரு வித்தியாசம் உண்டு. இங்க பசுவுக்கு ரோமம் கூடுதல்.”

எல்லாரும் அங்கேயே சிரித்து முடித்திருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். ஆனால் ஊரில் குரூப் காத்திருந்தது. ஹோட்டலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், ஆள் வராத மாதங்களில்தான் இந்த வேலையெல்லாம் நடக்கும். வாடகைக்குக் கோட்டும் பலகையும் வாங்கி, அந்த வெள்ளைச் சுவரின் முன் எல்லாரையும் நிறுத்தி, இடுப்புக்குமேல் மட்டும் படம் எடுக்கச் சொன்னேன். இடுப்புக்குக் கீழே பெயிண்ட் டப்பா இருந்தது. ‘பனியின் மடியில் நாங்கள்’ என்று எழுதி அனுப்பினேன். சிறிது நேரத்தில் பாறசாலையே கைதட்டியது. ஒருவர்கூட ‘மஞ்ஞு’ என்று எழுதவில்லை. எனக்கு மனம் நிறைந்தது.

மறுநாள் ஞானையன் எழுந்திருக்கவில்லை. உடம்பு அடுப்பாகச் சுட்டது. இருமினான். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்கினான். இடம் மாறின சளி என்று சொல்லி, சுக்குத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மற்றவர்கள் ஆப்பிள் தோட்டம் பார்க்கப் போனார்கள். நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன். இதை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

மத்தியானம் பிரேமகுமாரி கூப்பிட்டாள். நான்தான் ஸ்பீக்கரைப் போட்டு அவன் கையில் கொடுத்தேன்.

“எனக்கு பனி, பிரேமா” என்றான். “நல்ல பனி. மூச்சு முட்டுது.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “மூச்சு முட்டுற பனியா! படம் பாத்தேன், பாத்தேன். தெருவுல ஒரு ஆளு பாக்கி இல்லாம காட்டியாச்சு.”

“இல்லட்டீ... பனியாக்கும்...”

“அதத்தான நானும் சொல்லுதேன், பனி பனின்னு! மஞ்ஞுன்னு சொன்னா சாறு திட்டுவாருல்லா. சத்தம் என்ன இப்பிடி அடைஞ்சு போச்சு? தொப்பி போட்டுக்கிடுங்க.”

அவள் குரலில் பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளையின் பெருமை இருந்தது. ஞானையன் என்னைப் பார்த்தான். நீ சொல்லு என்று கண்ணாலேயே கேட்டான்.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். இவனுக்கு ஜுரம் என்று சொன்னால் அவள் ஷீஜாவைக் கூப்பிடுவாள். ஷீஜா ஹோட்டல்காரனைக் கூப்பிடுவாள். அவன் எல்லாவற்றையும் சொல்வான், வெள்ளைச் சுவர் உட்பட. சாயங்காலத்துக்குள் ஜங்ஷன் டீக்கடையில், என் பிளெக்ஸுக்குக் கீழேயே நின்று, என்னைச் சொல்லிச் சிரிப்பார்கள். விஷயம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது உள்ளே இருக்குமா என்று பிற்பாடு பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

“மேலெல்லாம்...” என்று ஞானையன் தொடங்கினான். நான் போனை அவன் கையிலிருந்து வாங்கினேன்.

“பிரேமா, இங்க எல்லாருக்கும் பனியில திக்குமுக்காட்டம்தான். டவர் கெடைக்கல, பெறவு விளிக்கோம்.”

டவர் நன்றாகவே இருந்தது.

“அவளுக்கு மனசிலாகல, ஜெயா” என்றான் ஞானையன். “நீ ஒண்ணு சொல்லுலே.”

“சொல்லுதேன். நீ ஒறங்கு.”

சார்ஜ் போடுகிறேன் என்று அவன் போனை என் அறைக்குக் கொண்டுபோனேன். அவன் கட்டில் பக்கத்திலேயே சார்ஜர் இருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. என்னை நம்பினான்.

ஆப்பிள் தோட்டத்திலிருந்து வந்த ராபின்சன் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். “சாறே, ஆளு சரியில்ல. கீழ கொண்டு போவோம். வண்டிக்காரன் நிக்கான்.”

“காலம்பற போவோம். வானம் மூடிக் கெடக்கு. விடியதுக்குள்ள பனி விழும்னு சமையக்காரன் சொல்லுதான்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சாறே?”

பனி விழுந்துவிட்டால் நான் சொன்னது பொய்யாக இருக்காது. அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் எவரிடமும் சொல்லிக்கொள்ளலாம். ராபின்சன் இரண்டாவது முறையும் கேட்டான். “தலைவர் நீயா நானா?” என்று கேட்டேன். அவன் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. வண்டியில் ஏற்றும்போது ஞானையனின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் தலை என் மடியில் இருந்தது. கீழே இருக்கும் ஊரின் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அவன் இல்லை.

டாக்டர் சின்ன வயது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, உயரமான இடத்தில் இப்படி வரும், நேற்றே கீழே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று இந்தியில் சொன்னார். எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். ராபின்சனுக்குத் தெரியாது.

“என்ன சாறே சொல்லுதாரு?”

“எப்ப கொண்டுவந்தாலும் இதுதானாம்” என்று மொழிபெயர்த்தேன்.

அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். சாறே, நீங்க மனச விட்டுறாதியோ என்று எனக்கு ஆறுதலும் சொன்னான்.

நினைவேந்தல் கூட்டத்துக்கு நான்தான் தலைமை. ‘பனிமலை கண்ட பண்பாளர்’ என்ற வாசகமும் என்னுடையதே. நன்றாகப் பேசினேன் என்று பலரும் சொன்னார்கள். இரும்புக்கடை இருக்கும் தெருவில் இப்போது நான் நடப்பதில்லை. ஆனால் பிரேமகுமாரி ஆளனுப்பும்போது அவள் வீட்டுக்குப் போயாக வேண்டியிருக்கிறது.

“நல்ல பனின்னு வாய் நெறைய சொன்னாரே, சாறே. ஆசப்பட்டத பாத்துட்டுதான போயிருக்காரு. எனக்கு அது போதும்” என்பாள். பிறகு, “எப்பிடி இருந்துச்சு சாறே, இன்னும் ஒருக்கா சொல்லுங்க” என்பாள்.

சொல்வேன். முழங்கால் வரை பனி. ஞானையன் ஒரு கை அள்ளி என்மேல் எறிந்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது. போன தடவை தேவதாரு மரங்கள் பாரம் தாங்காமல் வளைந்து நின்றன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் காப்பி போடப் போனாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு இந்த ஆறுதலும் போய்விடும், ஆகவே அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அன்று டெல்லியிலிருந்து ஷீஜாவும் வந்திருந்தாள். அம்மா அடுக்களைக்குப் போகும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, அப்பாக்கு பனி உண்டாயிருந்ததா?”

“அங்க எங்க பாத்தாலும் பனிதான், மக்கா” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பிக்குக் காத்திருந்தேன்.

என் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு. அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தகுந்த சொல் கிடைக்கவில்லை. ஜுரம் வடமொழி. ‘பீவர்’ ஆங்கிலம். பனி என்பதையோ நானே வேறு அர்த்தத்துக்குத் திருப்பி வைத்திருந்தேன். தமிழ்மேல் அளவு கடந்த பற்று வைத்தவனுக்குச் சில சமயம் இப்படி நாக்கு கட்டிப்போய்விடும். இந்த விளக்கத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். மேடையில் சொன்னால் கைதட்டுகூட வாங்கும்.

காய்ச்சல் என்ற சொல் எனக்குத் தெரியும்.