கிளைவின் பங்கு

காற்றடிக்கும் நாளில் கடமான் எங்கே படுத்திருக்கும் என்று தெரிந்துகொள்ள இந்த ஊரில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, சார்ஜன்ட். நீங்கள் மெல்பர்னிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதனால் சொல்கிறேன். வடகாற்று பலமாக வீசினால் மலைமுகட்டில் ஒரு மானும் நிற்காது. காற்றுப் படாத பள்ளத்தில், பெரணிப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இரைச்சலில் அதற்குக் காது உதவாது. மூக்கை மட்டும்தான் நம்பும்.

நானும் கிளைவ் மாட்ரமும் அந்த மூக்கை வைத்துத்தான் வேட்டையாடுவோம். ஒருவன் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு பள்ளத்தின் மேல்விளிம்பில் நடப்பான். அவனுடைய வாடை கீழே இறங்கும். மான் எழுந்து, சத்தமில்லாமல் கீழ்வாய் வழியாக நழுவும். அங்கே மற்றவன் துப்பாக்கியோடு காத்திருப்பான். யார் சுட்டாலும் இறைச்சி ஆளுக்குப் பாதி. ஒரு துண்டு எலும்பைக்கூட வீணாக்கக் கூடாது. அது எங்களுக்குள் இருந்த பேச்சு.

கிளைவ் செத்தது விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். நான் அதற்காக வரவில்லை. பப்பின் சுவரில் போன வாரம் ஒரு ஜோடிக் கொம்பை மாட்டியிருக்கிறார்களே, அதற்காக வந்தேன். கீழே பித்தளைத் தகடு. ‘கிளைவ் மாட்ரம், உத்தமமான வேட்டைக்காரன்.’ அதைப் படித்த நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கொம்புக்குரிய ஆண்மானை அது கன்றாக இருந்தபோதே நான் பார்த்திருக்கிறேன். இடது கொம்பின் நுனி உடைந்திருக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் அதன் தடத்தைத் தேடிப் போவேன். இரண்டு முறை குறியில் வந்தது. இன்னும் முற்றட்டும் என்று விட்டேன். ஒரு நாள் ஓடையோரம் நாற்றம் வந்தது. போய்ப் பார்த்தேன். தலையில்லாத உடல். தொடைகூட அறுக்கப்படவில்லை. ஈ மொய்த்துக் கிடந்தது. ராத்திரியில் விளக்கடித்துச் சுட்டு, தலையை மட்டும் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட நான் அழவில்லை.

கொம்பு கிளைவின் கொட்டகையில் இருந்தது. பட்டப்பகலில், நேர்மையாகச் சுட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பப்பில் என்னை வைத்துக்கொண்டே, “இந்த லயல் அத வருஷக்கணக்கா காதலிச்சுப் பின்னாடியே திரிஞ்சான்டா. மோதிரம் போட்டது நானு,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுடைய கிளாஸை நிரப்பியதும் நான்தான்.

பிறகு காற்றுக்காகக் காத்திருந்தேன். அவசரப்பட்டு நான் எதையும் செய்கிறவன் அல்ல.

அந்தச் சனிக்கிழமை மரங்களை வேரோடு பிடுங்குகிற காற்று. வண்டியிலிருந்து இறங்கியதும் கிளைவ், “என்னடா இது, பேய்க்காத்தா அடிக்குது. மேல நிக்க முடியுமா?” என்று கேட்டான். வழக்கமாக நாங்கள் நடப்பது பாறை முகட்டில். அதற்குக் கொஞ்சம் கீழே பழைய காட்டுத்தீயில் செத்த மரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. காற்று நாளில் அவற்றுக்கடியில் இங்கே எவனும் கால் வைக்க மாட்டான். தலைக்கு மேலே கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

“முகட்டுல போனா உன் வாடை பள்ளத்தத் தாண்டிப் பறந்துரும். செத்த மரத்துக்கு ஊடால போ. மெதுவா நட, அடிக்கடி நின்னு நின்னு போ,” என்றேன்.

அவன் மேலே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“காத்து விஷயத்துல நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்டா,” என்றான். அத்தனை வருடத்தில் அவன் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். ஆரஞ்சுத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

நான் கிளையைத் தள்ளவில்லை. அது தானாகத்தான் விழுந்தது. விழாமலும் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் அடுத்த காற்றுக்குக் காத்திருந்திருப்பேன்.

விசாரணையில், “அந்தக் காற்றில் நண்பர் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை” என்று நீங்களே சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். வேட்டை தெரிந்த யாராவது அந்த அறையில் இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள். கீழே உட்காருகிறவன் எப்போதும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் உட்காருவான், சார்ஜன்ட். மேலே இருப்பது எல்லாம் அவனிடம் வந்து சேரும், வாடையும் சரி, சத்தமும் சரி. கிளை முறிந்தது எனக்குப் பக்கத்தில் முறிந்தது போல் கேட்டது. அவன் கூப்பிட்டதும் அப்படித்தான்.

“லயல், இடுப்பு மேல விழுந்துருச்சுடா. அசைய முடியல. வாடா.”

அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மான் பெரணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. நல்ல கொழுத்த மான். ஒரே குண்டில் சாய்த்தேன். வெடிச்சத்தம் காற்றை எதிர்த்துப் போய் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவன் குரல் மாறிவிட்டது. சந்தோஷமாகிவிட்டது.

“சுட்டுட்டியா? பலே. அதப் போட்டுட்டு மொதல்ல இங்க வாடா. பாதி வேணாம், முழுசா நீயே எடுத்துக்க.”

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அதப் போட்டுட்டு வா. அவனுக்கு அது கைவந்த கலை. நான் கத்தியைத் தீட்டிக்கொண்டு தோலை உரித்தேன். தொடை, முதுகுச் சதை, ஈரல், நாக்கு எல்லாம் எடுத்தேன். பொறுமையாகச் செய்தால் நேரமாகும். அவன் கொஞ்ச நேரம் திட்டினான். கொஞ்ச நேரம் நெரிடாவைக் கூப்பிட்டான். நெரிடா அவன் மனைவி. பிறகு என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மூட்டையைக் கட்டித் தோளில் ஏற்றியபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

தேடுதல் ஆட்களுக்குப் பாறை முகட்டைக் காட்டினேன். நாங்கள் எப்போதும் நடக்கிற வழி அதுதான் என்றேன், அது பொய்யில்லை. கண்டுபிடிக்க மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. அன்று காலைவரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நெரிடா என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுடைய ஃப்ரீசரில் கிளைவின் பங்கை நான்தான் அடுக்கிவைத்தேன். எலும்பைத் தனியாக, ஈரலைத் தனியாகப் பொட்டலம் கட்டியிருந்தேன். சரிபாதி, நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டீர்கள் அல்லவா? கையெழுத்துப் போடுகிறேன். என்னை எங்கே வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தகட்டைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஓர் உயிரைச் சாய்த்துவிட்டு, காட்டில் அழுகட்டும் என்று போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவனை எதில் சேர்ப்பது? நான் அப்படிப்பட்டவன் இல்லை, சார்ஜன்ட்.