பாட்டிலில் சீயக்காய்

சுதந்திரம் வந்த மறுவருஷம். அறந்தாங்கி ரயில்வே கேட் மூடியிருந்தது. என் சைக்கிளுக்கு முன்னால் ஒரு பழைய கார். முன்கண்ணாடி முழுக்கப் புழுதி. எதிரே சாயங்கால வெயில். ஓட்டிவந்தவர் இறங்கி, பாட்டில் தண்ணீரைக் கண்ணாடிக்குப் பீய்ச்சத் தனியாக மாட்டியிருந்த ரப்பர் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினார். உடனே துப்பினார்.

“என்னடி இது, சீயக்காயாக் கசக்குது!”

முன்சீட்டிலிருந்த மனைவி சொன்னார்: “நாந்தாங்க பாட்டில்ல கரைச்சு ஊத்துனேன். கண்ணாடியெல்லாம் எண்ணெப் பிசுக்கு. ஒங்க தலைக்கும் அதத்தானே போடுறேன்?”

“அந்தத் தூளுதான் கொழாயை அடைச்சிருக்கு. கண்ணு தெரியாம எப்படி ஓட்டுறது?”

கன்னம் உப்ப ஊதினார். அடைப்பு விட்டது. குழாயை மாட்டிப் பொத்தானை அமுக்கியதும் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

“இனிமே வெறுந் தண்ணிதாங்க ஊத்துவேன்.”

கேட் திறந்துவிட்டது. அவர் காருக்கு முன்னால் நின்று துண்டால் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார்.

“சீயக்காயே ஊத்து. வடிகட்டி ஊத்து. ஒம் மொகம் பளிச்சுனு தெரியுது.”