நாலாவது துளை

மணிக்கட்டை மட்டும் மேலே தூக்குங்கள் என்று சொன்னால் பாதிப் பேர் தோளைத் தூக்குவார்கள். மீதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள். இருபது வருஷமாக இந்தச் செம்பூர் மருத்துவமனையில் எலும்பு ஆபரேஷன் செய்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் இந்தியிலும் மராட்டியிலும் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது.

இசக்கிராஜ் அப்படியில்லை. சொன்னதும் புரிந்துகொண்டான். உடைந்த கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது மணிக்கட்டைப் பதமாக நிமிர்த்திக் காட்டினான். கட்டைவிரலையும் தூக்கினான். விசாரணை நடத்தும் நீங்கள் எப்படியும் கேட்கப்போகிறீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் அவன் நரம்பு நன்றாக இருந்தது. சோதித்தது நான்தான்.

அவன் தாராவியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். பொங்கல் விளையாட்டுப் போட்டியில் பஞ்சா பிடித்திருக்கிறான். மேசையில் முழங்கையை ஊன்றி ஒருவன் கையை இன்னொருவன் மடக்குவது இருக்கிறதே, அது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இருக்கும் எலும்பு முறுக்கிக்கொண்டு உடைந்துவிட்டது. நேராக என்னிடம் வந்திருந்தால் கதை வேறு. இவன் நேராகப் போனது மச்சான் பூதத்தானிடம். பூதத்தான் குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர். ஓய்வு நேரத்தில் ஊர்க்காரர்களுக்குக் கட்டுப் போடுவார். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் தப்பை. மூன்று வாரம் கழித்து எலும்பு கோணிப் போனபிறகு என்னிடம் வருகிறார்கள். எப்போதும் இதே கதைதான். முதலில் மச்சான், அப்புறம் சாமி, எல்லாம் கைவிட்டால் டாக்டர். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் மறைக்கவில்லை.

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. கொண்டுவந்தது நான். உடைந்த மேற்கை எலும்பை, துளைகள் உள்ள இரும்புப் பிளேட் வைத்துத் திருகாணிகளால் இறுக்குவோம். மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித்தான் போகிறது. அதை முதலில் கண்டுபிடித்து, ரப்பர் நாடாவால் ஓரமாக ஒதுக்கி, அதற்கு அடியில் பிளேட்டை நுழைத்து எலும்பின்மேல் உட்கார வைக்க வேண்டும். நரம்பு பிளேட்டுக்கு மேலே போக வேண்டும், கீழே சிக்கக்கூடாது. தைத்து மூடுவதற்கு முன், பிளேட்டின் எந்தத் துளைக்கு மேலே நரம்பு கடக்கிறது என்று நான் சத்தமாகச் சொல்வேன். உதவிக்கு நிற்பவர் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் ஊசியைத் தொடுவோம். பின்னால் யாராவது அந்தக் கையைத் திறக்க நேர்ந்தால் அவர்களுக்கு உதவும் என்று ஏற்படுத்தியது. வேறு எங்கே இவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பார்க்கலாம்.

அன்று உதவிக்கு அஷ்வத் நின்றான். மாதுங்காப் பையன். கெட்டிக்காரன். கொஞ்சம் அதிகமாகவே கெட்டிக்காரன்.

திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மூன்று வாரத்தில் புது எலும்பு பிசின் போல் படர ஆரம்பித்திருந்தது. மேல்பாதியில் நரம்பைப் பிரித்து எடுத்தேன். கீழ்ப்பாதி அந்தச் சதைக்குள் புதைந்திருந்தது. தேடினேன். பிறகு, மேலே கிடைத்துவிட்டதே, கீழேயும் அதன் வழியில்தான் போகும் என்று பிளேட்டை நுழைத்தேன். எலும்பு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. திருகாணிகளை இறக்கத் தொடங்கினேன்.

"சார், நெர்வ் அடியில போற மாதிரி இருக்கே. ஏக் பார் தேக் லேங்கே? ஒரு தடவ பாத்துடலாமா?" என்றான் அஷ்வத்.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். மயக்க மருந்து டாக்டரும் தன் திரையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். நான் கோபப்படவில்லை. "நீ எத்தனை கை பண்ணியிருக்கே, அஷ்வத்?" என்று மட்டும் கேட்டேன். யாரோ சிரித்தார்கள். அவன் மறுபடி குனிந்து ரத்தத்தைத் துடைத்தான்.

கடைசித் திருகாணியை இறுக்கிவிட்டுக் கழுவித் துடைத்தபோது பார்த்தேன். பிளேட்டின் கீழ் விளிம்பில் வெள்ளையாக, நூடுல்ஸ் கனத்தில், நரம்பு உள்ளே போய்க்கொண்டிருந்தது. எலும்புக்கும் இரும்புக்கும் நடுவே.

நாலு திருகாணியைக் கழற்றிப் பிளேட்டைத் தூக்கி நரம்பை வெளியே எடுத்து மறுபடி மாட்டினால் போதும். பதினைந்து நிமிஷ வேலை. அதைச் செய்திருந்தால் அஷ்வத் ஒன்றும் பேசியிருக்க மாட்டான், எனக்குத் தெரியும். ஆனால் பார்த்திருப்பான். அவனும் சிஸ்டரும் மயக்க மருந்து டாக்டரும். ஒரு தியேட்டரில் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. கற்றுக்கொள்ள வந்தவன் சொல்லித் தலைமை டாக்டர் திருகாணியைக் கழற்றினார் என்று ஆகிவிட்டால், நாளைக்கு யார் எனக்குக் கட்டுப்படுவார்கள்? அதனால் பாதிக்கப்படப்போவது மற்ற நோயாளிகள்தான்.

"நரம்பு நாலாவது துளை மேல," என்றேன்.

அஷ்வத் குனிந்து பார்த்தான். நாலாவது துளைக்கு மேலே ஒன்றுமில்லை.

"சொல்லு, அஷ்வத்."

"நாலாவது துளை மேல, சார்."

தைத்து மூடினோம்.

மறுநாள் காலை கை ஈரத்துண்டு போலத் தொங்கியது. இசக்கிராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் மனைவி மகேஸ்வரிதான் கேட்டாள்: "என்ன டாக்டரய்யா, கை தொங்குதுல்லா?"

நான் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். "முதல்ல இந்தக் கையை யார் உருவிவிட்டது?"

"எங்கண்ணன்தான். கட்டுப் போடுததுக்கு முன்னால எண்ண தடவி நல்லா உருவி விட்டாவ," என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். மீதியை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

முந்தின நாள் மணிக்கட்டைத் தூக்கியது இசக்கிராஜுக்கு நினைவில்லாமல் இருக்காது. ஆனால் டாக்டர் காரணம் தேடும்போது நோயாளிகள் தங்கள் நினைவைவிட டாக்டரைத்தான் நம்புவார்கள். இதையும் நான் ஏற்படுத்தவில்லை.

பூதத்தானின் மகனுக்கும் இவர்கள் மகளுக்கும் பேசி முடித்து வைத்திருந்தார்களாம். முறைப்பையன். அதை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்தது. கட்டுப் போட யாரும் அவரிடம் போவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். மூன்றாம் மாதம் பூதத்தானே என்னைப் பார்க்க வந்தார். வெளிநோயாளி வரிசையில் நின்று, முறை வந்ததும் உட்காராமல் கேட்டார்.

"நான் கட்டுனதுலதான் நரம்பு போச்சுன்னு சொல்லுதாவ. நெசமாய்யா? எந்தங்கச்சி என் வீட்டுப் பக்கமே வர மாட்டேங்கா. நீங்க உள்ள திறந்து பாத்தவுக. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புதேன்."

"இருக்கலாம்," என்றேன்.

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். தெரியாத வேலையைத் தொடக்கூடாது என்று அன்றாவது அவருக்குப் புரிந்திருக்கும். அதில் நாலு கை பிழைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இசக்கிராஜ் மாதாமாதம் வந்தான். நசுங்கிய நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், பொறுமையாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினேன். மருத்துவத்தில் இதைவிட உண்மையான வாக்கியம் கிடையாது. சிக்கிய நரம்பை முதல் சில மாதங்களுக்குள் விடுவித்தால் மீளலாம், ஒரு வருஷம் தாண்டினால் தசைகள் சுருங்கிப் போய்விடும், அப்புறம் யார் திறந்தாலும் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதை அவன் கேட்கவில்லை. ஹோட்டலில் பரோட்டாக் கல்லிலிருந்து மேசை துடைக்க மாற்றிவிட்டார்கள் என்றான். இடது கையால் துடைப்பதாகச் சொன்னான். அவனும் கும்பிட்டான், ஒரு கையை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்து. எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்தமுறை அவனைப் பார்க்கும் வேலையை அஷ்வத்திடம் விட்டேன்.

அது என் தவறு. அஷ்வத் அவர்களிடம் என்ன சொன்னானோ, மகேஸ்வரி புருஷனைக் கூட்டிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே திறந்தார்கள். பிளேட்டுக்கு அடியில் நரம்பு தட்டையாகக் கிடந்ததைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

அஷ்வத் உங்களிடம் சொன்னதெல்லாம் நிஜம். அவன் எச்சரித்தான். நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் நாலாவது துளை என்றேன். பூதத்தானின் கையால் அந்த நரம்புக்கு ஒரு கீறலும் விழவில்லை என்று தெரிந்துதான் 'இருக்கலாம்' என்றேன். கவனக்குறைவு என்று எழுதலாமா என்று நீங்கள் அன்போடு கேட்டீர்கள். வேண்டாம். என்னை யாரும் கவனக்குறைவானவன் என்று சொன்னதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். மடக்குகிற தசைநாரில் ஒன்றை எடுத்து மணிக்கட்டுக்கு மாற்றிக் கட்டினால் கை ஓரளவு நிமிரும். நல்ல ஆபரேஷன்தான், கை பழகியவர் செய்தால். இசக்கிராஜிடம் நீங்கள் பேசிப் பாருங்கள், நானே செய்து தருகிறேன். அந்தக் கை இன்னொருவரிடம் போய்க் கெட்டுவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.