ஒரே லைனில் மூன்று

கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொள்வது நல்லது. இதை நான் யாரிடமும் சொல்வேன், இன்ஸ்பெக்டர் அம்மா, உங்களிடமும் சொல்கிறேன். நீங்கள் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், நாளைக்குக் கோர்ட்டில் யாராலும் படிக்க முடியாது. வீட்டிலேயே என் கம்ப்யூட்டரில் டைப் செய்யட்டுமா என்று கேட்டதும் ஒப்புக்கொண்டீர்கள். உங்கள் கான்ஸ்டபிள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் இருப்பது எனக்கு இடைஞ்சலாக இல்லை.

என் தொழில் கேட்டு டைப் அடிப்பது. விசாரணைகளில் சாட்சிகள் பேசியதை ஒரு அலுவலகத்திலிருந்து ஒலிப்பதிவாக அனுப்புவார்கள். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். சாட்சி இருமினால் 'இருமுகிறார்' என்று போடுவேன், திக்கினால் திக்கினபடியே அடிப்பேன். என்ன சொல்கிறார்கள் என்று மனசில் வாங்கிக்கொள்வதில்லை. காதில் விழுவது நேரே விரலுக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையில் ஒரு வரியைக் கூட அலுவலகம் திருப்பி அனுப்பியதில்லை.

மூன்று மாதமாக இந்தக் கம்ப்யூட்டர் என் உயிரை வாங்கியது. அடித்துக்கொண்டே இருப்பேன், திரை பொட்டென்று கறுத்துப்போகும், பிறகு தானாகவே முதலிலிருந்து கிளம்பும். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. சேமிக்காத பக்கம் போனது போனதுதான். அழுகையாக வரும். மேஜையை ஓங்கிக் குத்துவேன். எனக்கே வலிக்கும்.

வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பெண்ணை விசில் இல்லாமலே கூப்பிடுவாள். கடைசி இரண்டு வருடமாக நுரையீரல் சுருங்கிப் படுக்கையில் இருந்தாள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மிஷின் ஒன்று கட்டில் பக்கத்தில் இரவும் பகலும் ஓடும். அதிலிருந்து ஒரு குழாய் அவள் மூக்குக்குப் போகும். என் மேஜை அதே அறையில், ஜன்னல் ஓரம்.

திரை கறுக்கும்போதெல்லாம் கட்டிலிலிருந்து குரல் வரும்.

"என்னடி குட்டி, உன் டப்பா மறுபடி படுத்துடுச்சா? நானும் படுத்துட்டேன், அதுவும் படுத்துடுச்சு. பாவம், ரெண்டு நோயாளிய வச்சுக்கிட்டு நீ என்னதான் பண்ணுவ?"

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அக்காவுக்கு நான் குட்டிதான். அடுத்து, தவறாமல், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்பாள். அது தானாகவே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ரிப்பேர்காரர் ஐந்து முறை வந்தார். மெமரியைக் கழற்றி ரப்பரால் துடைத்தார், தூசி ஊதினார், ஃபேனை மாற்றினார், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். கடைசியில் கடைக்கே தூக்கிப் போனார். அங்கே இரண்டு நாள் ஒரு தடவை கூட அணையவில்லையாம். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரி. வீட்டுக்கு வந்த அன்றைக்கே மூன்று தடவை கறுத்தது. கரண்ட் போனாலும் தாங்கும் என்று பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தேன். அது நாள் முழுக்கக் கீ கீ என்று கத்திவிட்டு ஒரு வாரத்தில் செத்தது.

"வீட்டுலதாம்மா கோளாறு இருக்கு. ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. ஒரே நேரத்துல ரெண்ட மாத்தினா எதால சரியாச்சுன்னு தெரியாது" என்றார் ரிப்பேர்காரர்.

உருப்படியான பேச்சு. ஒரு நோட்டுப் போட்டேன். நீங்கள் எடுத்துப்போன நோட்டு அதுதான். அணைந்த நேரம், அப்போது வீட்டில் என்ன ஓடியது, எல்லாம் இருக்கும். பத்தே நாளில் பிடிபட்டது. ஒவ்வொரு தடவையும் திரை கறுப்பதற்கு முன் ஹாலில் ஃபிரிட்ஜ் உறுமியிருக்கிறது.

ஒருநாள் ஃபிரிட்ஜை நிறுத்தினேன். ஐந்து மணி நேரம் கம்ப்யூட்டர் அசையவில்லை. சாயங்காலம் பால் திரிந்துவிட்டது. மறுநாள் மிஷினை நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அக்காவிடம் கேட்டுத்தான் செய்தேன்.

"பத்து நிமிஷம்தானே? தாங்குவேன்டி. நீ பாரு, உன் பிரச்சினை தீர்ந்தா சரி" என்றாள்.

பிளக்கைப் பிடுங்கினேன். மிஷின் அலாரம் அடித்தது. அக்கா கையால் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து அதை உறும வைத்தேன். கம்ப்யூட்டர் அணையவில்லை. நோட்டில் எழுதியதை நீங்களே சத்தமாகப் படித்தீர்கள்: 'எட்டாவது நிமிடம், நகம் நீலம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது.' இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறாயே என்று கேட்டீர்கள். நோட்டில் இடம் குறைவு.

புதன்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். நான் கண்டுபிடித்ததையேதான் சொன்னார்.

"பழைய ஒயர்ங்க. ஒரே லைன்ல மூணும் தொங்குது. மூணும் சேர்ந்து இழுத்தா தாங்கல, கம்ப்யூட்டர் அவுட் ஆகுது. வெள்ளிக்கிழமை வந்து தனி லைன் இழுத்துத் தர்றேன். அதுவரைக்கும் வேலை செய்யும்போது ஃபிரிட்ஜ நிறுத்திக்கோங்க. அக்கா மிஷின மட்டும் தொடாதீங்க."

"அப்பாடி, நான் தப்பிச்சேன்" என்றாள் அக்கா. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். இந்த முறையும் தவறினால் இனி வேலை வேறொருவருக்கு என்று அலுவலகத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். காலை பதினொன்றுக்கு ஒரு தடவை அணைந்தது. ஒன்றரைக்கு இன்னொரு தடவை, ஆறு பக்கத்தோடு. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஃபிரிட்ஜை ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அன்று காலைதான் பால் வாங்கி வைத்திருந்தேன். அக்காவின் கண் சொட்டு மருந்தும் உள்ளே இருந்தது, அது சூடானால் கெட்டுவிடும். அவளுடைய மருந்து விஷயத்தில் நான் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை. பக்கத்து வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இரண்டு இருபதுக்கு மிஷினை நிறுத்தினேன். பிளக்கைப் பிடுங்காமல் மிஷினிலேயே இருக்கிற சுவிட்சை அமுக்கியது ஏன் என்றும் கேட்டீர்கள். பிளக்கைப் பிடுங்கினால்தான் அலாரம் அடிக்கும். தூங்குகிறவளை எதற்கு எழுப்ப வேண்டும்?

அரை மணி நேரம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேலை அப்படி ஓடியது. மூன்று மாதத்தில் முதல்முறையாக, அடுத்த நிமிடம் என்ன ஆகுமோ என்ற பயமில்லாமல் அடித்தேன். ஃபிரிட்ஜ் உறுமியது, திரை அப்படியே நின்றது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை வாக்குமூலத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நாலு ஐம்பதுக்கு ஃபைலை அனுப்பினேன். உடனே எழுந்து போய் மிஷினை ஆன் செய்தேன். அது நன்றாகவே ஓடியது. சற்று நேரத்தில் ஃபிரிட்ஜும் சேர்ந்துகொண்டது, கம்ப்யூட்டர் அணைந்தது. ஃபைல் போய்விட்டதால் நான் கவலைப்படவில்லை. அக்காவின் கை கட்டிலுக்கு வெளியே, என் நாற்காலிப் பக்கமாக நீண்டிருந்தது. எடுத்து உள்ளே வைத்துப் போர்வையைச் சரி செய்தேன். பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வந்து பார்த்து, எதிர்பார்த்ததுதானே என்று என் தோளைத் தட்டினார்.

அது அதோடு முடிந்திருக்கும். சனிக்கிழமை அலுவலகத்தில் பக்கங்களைச் சரிபார்க்கிற அம்மாள் போன் செய்து, எழுபத்தொன்பதாம் பக்கத்தில் இருப்பதைச் சொன்ன சாட்சி யார் என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அவர் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறார், அதில் அப்படி எதுவும் இல்லை. பிறகு உங்களிடம் வந்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தை நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். கிடங்குக் காவலாளி ஒருவர் சாவி பற்றிச் சொல்கிறார். நடுவில் ஒரு வரி: 'குட்டி, மூச்சு முட்டுது, மிஷின் ஓடலையா பாரு.' அடுத்து காவலாளி மறுபடி சாவி பற்றிப் பேசுகிறார்.

ஹெட்போன் போட்டிருந்தாயே, அக்கா கூப்பிட்டது கேட்டதா என்றீர்கள். கேட்டது. கேட்காததை நான் அடிப்பதில்லை. அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் விரல் பாட்டுக்கு அடித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பெடலிலிருந்து காலை எடுத்தேன், திரையில் அந்த வரியைப் படித்தேன். முதல் இரண்டை அப்போதே அழித்துவிட்டு மேலே தொடர்ந்தேன். மூன்றாவது வந்தபோது நேரம் நெருக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் சரிபார்க்கும்போது எடுத்துவிடலாம் என்று விட்டு வைத்தேன்.

மிஷினை நீங்கள் எடுத்துப்போய்விட்டீர்கள். தனி லைன் இன்னும் இழுக்கவில்லை. இதை அடிக்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகிறது, ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கம்ப்யூட்டர் ஒரு தடவை கூட அணையவில்லை. ஆக, கோளாறு நான் சொன்ன இடத்தில்தான் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான், எதையும் மறைக்கவில்லை. எழுபத்தொன்பதாம் பக்கத்தில் அந்த வரியை அழிக்காமல் விட்டது என் தவறு. இருபத்திரண்டு வருடத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான், அதற்கு அலுவலகத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.