வளைவில் வைத்த பாரம்

கார்க் என்றால் பாட்டில் மூடி என்றுதான் ஐயா எல்லோரும் நினைக்கிறார்கள். பொம்மை ரயில் கட்டுகிற நாங்கள் அதைத் தகடாக வாங்கி, கீற்றாக வெட்டி, தண்டவாளத்துக்கு அடியில் ஒட்டுவோம். ரயில் ஓடும்போது பலகை அதிராது. எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

கல்லூரிக் கண்காட்சிக்காக நானும் வகுப்புத் தோழன் ஜெபசீலனும் வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையில் பொம்மை ரயில் பாதை ஒன்றைக் கட்டினோம். நான்கு பக்கமும் அகலமான பலகை, நடுவில் ஆள் நிற்க இடம். மூன்று பக்கம் சுவரை ஒட்டியிருந்ததால் உள்ளே போக ஒரே வழிதான். பலகைக்கு அடியில் தவழ வேண்டும்.

ஆற்றுப் பாலத்து வளைவு என் பங்கு. மூன்று முறை ஒட்டினேன். மூன்று முறையும் ஜெபசீலன் கத்தியால் பிய்த்துப் போட்டான். மூன்றாவது முறை, எங்கள் வகுப்பு ஸ்வீட்லினும் வந்திருந்தாள்.

“ஏலே கார்த்திகேசா, இது தண்டவாளமா, சாரைப்பாம்பா? இதுல ரயிலு போவாது, ஓணான்தான் போவும். பைய ஒட்டுலே. பசை காயுத வரைக்கும் மேல வச்ச பாரத்த எடுக்கப்பிடாது.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது.

நேற்று நான்காம் முறை ஒட்டி, பாரத்துக்கு ஜெபசீலனின் இரும்புப் பெட்டியை வைத்தேன். தூசி படக்கூடாதென்று போனையும், ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரையும் அவன் அதில்தான் போட்டிருந்தான். அவன் நடுவில் உட்கார்ந்து கார்க் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். தூள் மாவு போலப் பறக்கும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தியது நான்தான். காற்றடித்தால் கீற்று பறந்துவிடும் பாருங்கள்.

பத்து நிமிடத்தில் அவனுக்கு இழுக்க ஆரம்பித்தது.

“லே... பெட்டிய... எடு.”

“நீருதான வே சொன்னீரு, பாரத்த எடுக்கப்பிடாதுன்னு.”

கையை நீட்டினான். பெட்டி வெளி ஓரத்தில் இருந்தது, எட்டவில்லை. தவழ்ந்து வரப் பார்த்தான். தலை இடித்தால் வளைவு நகர்ந்துவிடும். ஆகவே வெளியே வழியை அடைத்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் காலைப் பிடித்தான். பலமாகப் பிடித்தான் என்று சொல்ல முடியாது.

பசை காய இரண்டு மணி நேரம். ஜெபசீலனுக்கு முப்பத்தைந்து நிமிடம் போதுமாக இருந்தது. மீதி நேரமும் நான் பெட்டியைத் தொடவில்லை.

வேண்டுமென்றே செய்தாயா என்கிறீர்கள். ஆமாம் ஐயா. ஆனால் ஒரு தடவை வந்து அந்த வளைவைப் பாருங்கள். இந்த முறை ஜெபசீலன் ஒரு குறையும் சொல்லவில்லை.